உதிரி

ஆலை வாசலில் எனக்கு முன்னால் பதினோரு லோரி.
சிகரெட்டை விட்டு நூற்றுப் பத்து நாள்.
விரலுக்கு ஏதாவது வேலை கொடு என்றார் கிளினிக் டாக்டர்.
ஊசியைக் கொடுத்தேன்.

இன்றைக்குத் தலையணை உறை, சோபாவுக்கு.
ரோஜா வேண்டும் என்றாள் செண்பகவல்லி,
தங்கை வீட்டில் இருக்கிறதே அது மாதிரி,
இளஞ்சிவப்பில், இரண்டு இலையோடு.
நான் ரோஜாவைப் பக்கத்தில் பார்த்தது
கேமரன் மலைக்குக் கோஸ் ஏற்றப் போன அன்று,
அதுவும் பிளாஸ்டிக் சுற்றி, கட்டுக் கட்டாக.
எனக்குத் தெரிந்த சிவப்பு
முதுகுக்குப் பின்னால் எட்டு டன் கிடக்கிறது.
செம்பனைக் குலை வரைந்துவிட்டேன், பென்சிலால்.
வீட்டில் இன்னும் சொல்லவில்லை.

பீடோர் கடைத்தெருவில் ஆ லெங் கடை.
நூல் ஒரு கட்டு இரண்டு வெள்ளி இருபது காசு.
யாருக்கு என்று அவள் கேட்பதை நிறுத்தி
நாலைந்து மாதம் இருக்கும்.
சட்டைப்பையிலிருந்து ஒரு பழத்தை எடுத்து
டிராயர் டிராயராக வைத்துப் பார்த்தேன்.
குங்குமச் சிவப்பு: அது கோயிலுக்குப் போகிற சிவப்பு.
காவி: குடும்பத்தை விட்டே போய்விட்ட நிறம்.
பளீர் ஆரஞ்சு, ரோடு போடுகிறவன் சட்டை.
பழமோ காம்பருகே மஞ்சள், வயிற்றில் செம்மஞ்சள்,
நுனியில், வெயில் கடித்த இடத்தில், கறுப்பு.
மூன்று கட்டு வாங்கினேன்.
ஆறிழையைப் பிரித்து
இதில் இரண்டு அதில் ஒன்று என்று
ஒரே ஊசியில் கோத்தேன்.

தையல்?
சங்கிலித் தையல் நன்றாக வளையும், உள்ளே காலியாக இருக்கும்.
நிரப்பித் தைத்தால் பளபளப்பு வந்து
பழம் மிட்டாயாகிவிடும்.
முடிச்சுத் தையல்தான்.
ஊசியில் மூன்று சுற்று, நூலை இழுத்துப் பிடி,
வந்த துளைக்குப் பக்கத்தில் இறக்கு.
வந்த துளையிலேயே இறக்கினாலோ
முடிச்சு பின்பக்கம் ஓடிவிடும்,
என் சம்பள முன்பணம் போல.
முள்ளுக்கு நேர்த்தையல், நீளமும் குட்டையுமாக.
முள் குத்திப் பழகிய கைக்கு
அளவு சொல்லித் தர வேண்டியதில்லை.

வரிசை நகர்ந்தது. ஒரு முடிச்சு.
வரிசை நகரவில்லை. ஏழு முடிச்சு.

அன்றைக்குச் சிரித்தவர்கள்தான்
இன்றைக்கு யோசனை சொல்கிறார்கள்.
"இலைக்குக் கிளிப்பச்சை போடாதண்ணே, அது வாழை"
என்கிறான் பின் லோரி ஜெகதீபன்.
குலை ஏற்றும் ரஃபீக் ஒன்றும் பேசாமல்
தன் கைலியின் ஓரத்தைத் தூக்கிக் காட்டினான்.
அந்தப் பச்சைதான்.

தரம் பார்க்கும் ரொஸ்லி நீளக் கொக்கியோடு வந்தார்.
குலைகளைப் புரட்டினார், எழுதினார்.
பிறகு என் மடியிலிருந்த துணியை எடுத்து,
கண்ணாடியை நெற்றிக்கு ஏற்றி,
அதே முகத்தோடு பார்த்தார்.
"இது பழுக்கலை."
"நிறம் சரியாத்தானே இருக்கு?"
"நிறம் சரி. ஒரு பழமும் விழலையே.
பழுத்த குலைன்னா பத்தாவது கீழே கிடக்கணும்.
இப்படியே கொண்டு வந்தா திருப்பி அனுப்புவேன்."
துணியை மடித்துக் கொடுத்துவிட்டு
அடுத்த லோரிக்குப் போனார்.

இரண்டு மணி நேர வேலை அது.
நகம்வெட்டியால் குலையின் தோளில்
பத்து முடிச்சை வெட்டி எடுத்தேன்.
துணியில் துளைகள் மூட மறுத்து நின்றன.
நிற்கட்டும்,
பழம் விட்டுப் போன குழி அப்படித்தான் இருக்கும்.
பத்தையும் புதிதாகக் கீழே போட்டேன்.
நான்கு குலையின் அடியில். மூன்று கொஞ்சம் தள்ளி.
இரண்டு, மடிப்புத் தையலின் ஓரம் வரை உருண்டு.
பத்தாவது
உறையின் மறுபக்கம், பித்தானுக்குப் பக்கத்தில்,
செண்பகவல்லி ரோஜாவைத் தேடித் திருப்பும்போது
கட்டைவிரலில் தட்டுகிற இடத்தில்.